இடப்பக்கத்துச் சலாம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் குளிக்கப் போகும் முன் என் வீட்டுக்காரருடைய வலக்கை நகங்களை நான்தான் வெட்டிவிடுவேன். இடக்கையை அவரே பார்த்துக்கொள்வார். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் கடுகு அளவு திருகாணியை முடுக்குகிற மனிதருக்கு, இடக்கையால் நகவெட்டியைப் பிடிக்க மட்டும் வரவே வராது. அன்றும் சமையலறை வாசலில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கையை நீட்டினார். கட்டைவிரலுக்கு வந்தபோது, சீக்கிரம் ஆகட்டும், சாவிக்காரன் காத்திருப்பான் என்றார்.

"நகம் வெட்ட நானு, பக்கத்துல நிக்க அவரா?" என்றேன்.

சிரித்தார். குளித்தார், அத்தர் பூசிக்கொண்டார், வாசலில் நின்று சலாம் சொன்னார். நானும் பதில் சலாம் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

சாவிக்காரர் பள்ளிவாசலுக்கு எதிரே, ஓர் ஆள் உட்காரும் இடத்தில் சாவி வெட்டுகிறவர். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே இருவரும் கூட்டாளிகள். ஐந்து வேளையும் என் வீட்டுக்காரருக்கு இடப்பக்கம் அவர்தான் நிற்பார். ஜமாஅத்தாகத் தொழும்போது நடுவில் இடைவெளி விடாமல் தோளோடு தோள் சேர்த்து நிற்க வேண்டும். அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அந்தத் தோளின் மேல்தான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர். பேச்சில் எப்போதும் மூன்று பேர். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்றாலும் சாவிக்காரன் என்ன சொல்கிறான் பார்ப்போம் என்பார். நோன்பு மாதத்தில் அவர்கள் இருவரும் பள்ளியில் ஒரே தட்டில் நோன்பு திறப்பார்கள். நான் வீட்டில், நோன்பு திறக்கப் பள்ளியில் சொல்லும் வாங்கு சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி ஒரு பேரீச்சம்பழத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பேன். சக்களத்தி என்று ஒருத்தி இருந்திருந்தால் மார்க்கத்தில் அவளுக்கும் எனக்கும் முறை உண்டு, என் நாளைக் கொடு என்று கேட்டிருக்கலாம். சாவிக்காரரிடம் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது?

அன்று ஜும்ஆ முடிந்த கையோடு என் வீட்டுக்காரரைத் தூக்கி வந்தார்கள். தொழுகையின் கடைசி இருப்பிலேயே உயிர் போய்விட்டது. வந்தவர்கள் எல்லோரும் கொடுத்து வைத்த மவுத் என்றார்கள். இருக்கலாம். பக்கத்தில் இருந்தவர்களும் கொடுத்து வைத்தவர்கள்தான். நான் அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மய்யித்தைக் குளிப்பாட்ட இரண்டு பேரோடு சாவிக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் எழுந்து, அவரை நான் குளிப்பாட்டுகிறேன் என்றேன். என் நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தார். மவுத்தானதோடு நிக்காஹ் முறிந்துபோயிற்று, இனி பார்க்கலாம், தொடக்கூடாது என்பது அவர் கட்சி. அந்த வீட்டில் இருந்த பாதிப் பேர் அதற்குத் தலையாட்டினார்கள்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்துக் கேட்டோம். அவர் நடையிலேயே நின்று, அப்படியில்லை என்றார். மனைவி இத்தா என்கிற காத்திருப்புக் காலத்தில் இருக்கிறவள், கணவனை அவள் குளிப்பாட்டலாம், இதில் இமாம்களுக்குள் பேதமே கிடையாது என்றார். நாத்தனார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

எனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சாவிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவன் எங்கிட்ட வசிய்யத் சொல்லியிருக்கான் தங்கச்சி. முன்னாடி போறவன மத்தவன்தான் குளிப்பாட்டணும்னு."

வசிய்யத் என்றால் இறந்தவர் சொல்லிவைத்துப் போகிற விருப்பம். லேசில் தட்டிவிட முடியாது. இந்த மனிதர் கட்டிலில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தன் உடம்பை யாருக்கோ எழுதி வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பெண்ணுக்கு இந்த நேரத்தில் என்ன வீம்பு என்று நாத்தனார் முணுமுணுத்தார். மய்யித்தைத் தாமதிக்கக் கூடாது, நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்றார் ஹஜ்ரத்.

"அஞ்சு வேளையும் உங்களுக்குத்தானே குடுத்தேன். இதையும் கேக்கறீங்களா அண்ணே?" என்றேன்.

அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"வலது பக்கம் திரும்பி சலாம் சொன்னான். இடது பக்கம் திரும்பவே இல்ல. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். அந்தப் பக்கம் இருந்தவன் யாரோ, பஸ் மாறிப் போற ஆளு. நான் இத்தன வருசமா நிக்கிறேன், அவனுக்குக் கெடச்சுருச்சு தங்கச்சி."

தொழுகையை முடிக்கும்போது முதலில் வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் முகத்தைத் திருப்பிச் சலாம் சொல்வது வழக்கம். இவர் பாதியில் போயிருக்கிறார். சாவிக்காரர் குரலில் இருந்தது துக்கம் மட்டுமில்லை. அந்த இன்னொன்றை எனக்கு நன்றாகத் தெரியும், பல வருடமாக அதற்குச் சோறு போட்டு வளர்த்தவள் நான். எனக்கு வாசலில் ஒரு முழுச் சலாம் கிடைத்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பங்கு கேட்பாரோ என்று இருந்தது.

தண்ணீராவது நான் எடுத்துத் தருகிறேன் என்றார் சாவிக்காரர். பின்னறையில் குறுக்கே ஒரு போர்வையைக் கட்டினோம். உள்ளே நானும் நாத்தனாரும். வெளியே நின்று சாவிக்காரர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். தொப்புளிலிருந்து முழங்கால் வரை துணியால் மூடி, முகம் கை கால் கழுவி ஒளுச் செய்வித்து, வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். காலையில் நான் வெட்டிய நகங்கள் சுத்தமாக இருந்தன. இடப்பக்கம் வந்ததும், இடது முட்டி சரியாக மடங்காது, மெதுவாக என்று போர்வைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"தெரியும்" என்றேன்.

கடைசியில் இடது பாதம் மிச்சமிருந்தது. தொழுகை வரிசையில் அவர்கள் இருவர் பாதமும் ஒட்டி இருக்கும் பக்கம். குவளையைக் கீழே வைத்தேன். பிறகு நானும் நாத்தனாரும் சுவரோரம் ஒதுங்கி நின்று போர்வையை விலக்கினோம். இந்தக் கால் உங்களுடையது என்றேன். அவர் மண்டியிட்டு விரலிடுக்குகளில் எல்லாம் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார். பொறுக்க முடியாமல் துவட்டும் துணியை நானே எடுத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் வீட்டுக்குள் இருந்தேன். சாவிக்காரர் தினமும் விடியற்காலை சுப்ஹு தொழுதுவிட்டு அவரை அடக்கிய கபருக்குப் போகிறார் என்று நாத்தனார் வந்து சொல்வார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்வார்.

இத்தா முடிந்த மறுநாளே போனேன். நினைத்தபடியே அவர் அங்கே இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வேலியோரம் ஒதுங்கினார். சலாம் சொல்லி, யாசீன் ஓதி, துஆச் செய்து கையை இறக்கும்போதுதான் கவனித்தேன். அவர் கபரைப் பார்க்கவில்லை, கபருக்குப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரை, முகம் தொழும் திசையான கிப்லாவைப் பார்க்க வலப்பக்கமாகச் சாய்த்துத்தான் அடக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு பழைய கபர். முதுகுப்பக்கம் வெறும் தரை. இவருக்குப் பிறகு எங்கள் ஜமாஅத்தில் மவுத் எதுவும் இல்லை.

குழி வெட்டுகிறவரிடம் அந்த இடத்தைப் பற்றிக் கேட்டேன். இங்கே யாருக்கும் எடுத்து வைப்பதில்லை, ஆணோ பெண்ணோ அடுத்து வருகிறவர்களுக்குத்தான் என்றார். இவரும் கேட்டார் என்று சாவிக்காரரைக் காட்டினார். எனக்கு முன்பே கேட்டிருக்கிறார்.

"அது எனக்குண்ணே" என்றேன். "வீட்டுல தொழும்போதெல்லாம் அவரு முன்னாடி, நான் பின்னாடி. அவரு முதுகு எனக்குத்தான் பாத்தியம்."

"அதுக்கு முந்தணும் தங்கச்சி. எனக்குச் சக்கரை இருக்கு."

"எனக்கு பிரஷர்."

குழி வெட்டுகிறவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். சாவிக்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அல்லாஹ் நாடினால் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனார்.

அந்த இடம் இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.