துலுக்காத கிடா

கிடாவின் ஈர நாற்றம் வேல்சாமிக்குக் குமட்டியது. தன்னை நினைத்தால் அதைவிடக் குமட்டியது.

மம்சாபுரத்துப் பங்காளிகளில் அவர்தான் மூத்தவர். பிளவக்கல் பக்கத்துக் காட்டுக்கோயிலில் கிடாவை வெட்டுமுன் அதன்மேல் மஞ்சத்தண்ணி ஊற்றுவது அவர் பாத்தியதை. கிடா உடம்பை ஒரு உலுக்கு உலுக்க வேண்டும். துலுக்குவது என்பார்கள், சாமி சம்மதித்ததற்கு அதுதான் அடையாளம். மூத்தவர் கண்ணால் பார்த்து "உத்தரவு" என்றால்தான் அரிவாள் இறங்கும்.

போன வருசம் கிடா துலுக்கி முடித்த பிறகும் மனுசர் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டே இருந்தார். எல்லாரும் பார்த்தார்கள், அவரைத் தவிர. "அண்ணனுக்கு வயசாயிப் போச்சு" என்று தம்பி மலைச்சாமி யாரிடமோ முணுமுணுத்தது மட்டும் அவர் காதில் நன்றாக விழுந்தது. அந்தச் சொம்புக்காகத் தம்பி வெகுநாளாகக் காத்திருக்கிறவன்.

ராஜபாளையத்தில் டாக்டரம்மாவிடம் போனார். புரை எடுத்த கண். பொடி எழுத்தைக்கூடக் கடகடவென்று வாசித்தார். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அந்தம்மா சொன்னார்: "கண்ணுல கோளாறு இல்லங்கய்யா. கண்ணு வாங்குனதை மூளைதான பாக்கணும். வயசாக ஆக மூளைக்குப் போற ரத்தம் கொறையும், அது சர்க்கரையை எரிக்கிற வேகமும் மந்தமாகும். சும்மா இருக்கிறது தெரியும். சட்டுனு அசைஞ்சு நிக்கிறது தப்பிப்போகும்."

"கண்ணு இருந்தும் குருடன். த்தூ" என்று பஸ் ஏறுமுன் காறித் துப்பினார்.

பெண்டாட்டி சுடலையம்மாள் வழி சொன்னாள். "நான் பக்கத்துலயே நிக்கேன். அது துலுக்கவும் ஒரு இருமல் இருமுதேன். நீங்க சொல்லிருங்க."

சாமி காரியத்தில் களவாணித்தனமா என்று கூசியது. ஆனாலும் சொம்பு தம்பி கைக்குப் போவதை நினைத்ததும் தலை தானாக ஆடிவிட்டது.

இந்த வருசம் ஊற்றினார். கிடா அசையாமல் நின்றது. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. சாம்பிராணிப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. இருமல் கேட்டது.

"உத்தரவு" என்றார். அரிவாள் இறங்கியது. சுடு ரத்தம் புறங்காலில் தெறித்தது.

திரும்பிப் பார்த்தார். சுடலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தி, கண்ணில் நீர் வழிய, இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். புகை கமறியிருக்கிறது. இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். கிடா துலுக்கவே இல்லை.

பங்காளிகள் கிடாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மலைச்சாமிதான் முதலில் பேசினான். "துலுக்குச்சு. நானும் பாத்தேன்." அம்புட்டுப் பேரும் ஆமா ஆமா என்றார்கள். தம்பி காட்டிக்கொடுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். இந்த இரக்கம் பீயை மிதித்த மாதிரி இருந்தது.

பந்தியில் மூத்தவருக்கு உரிய தலைக்கறி அவர் இலைக்கு வந்தது. கிடாவின் கண் ஒன்று அதில் வெந்து வெளிறிக் கிடந்தது.

"சாப்பிடுங்கண்ணே, கண்ணுக்கு நல்லது" என்றான் மலைச்சாமி, பரிமாறும் கரண்டியோடு.

அவர் இலையைத் தள்ளி வைத்தார். "ஏலே, அது துலுக்கல. நான் பாக்கவும் இல்ல" என்றார், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

ஒருத்தரும் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆறிப் போயிரும்ணே" என்று சொல்லி, மலைச்சாமி இன்னொரு கண்ணையும் எடுத்து வைத்தான்.