வாயில் நுழையாத பெயர்

கடலூரில் படகு இன்ஜின் மெக்கானிக்காக இருக்கும் தேவநாதனுக்குத் தூக்கமே போய்விட்டது. மனைவி தமிழ்ச்செல்விக்கு எங்கும் இடிக்காமலே கைகாலெல்லாம் கன்றிப்போயிற்று. சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனான். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் பவானி நீளமாக ஒரு பெயர் சொன்னார். அவன் காதில் 'பீனியா' என்ற வால் மட்டும்தான் விழுந்தது.

"பூனையாங்க டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார்.

"பேரு எதுக்குங்க, மாத்திரைய எழுதுங்க" என்று அவன் எழுந்தான். செல்வி நகரவில்லை.

"என் ஒடம்புல இருக்கறது என்னான்னு எனக்குத் தெரிய வாணாமா மாமா? மெதுவா சொல்லுங்க டாக்டரம்மா."

வெளியே அத்தனை கூட்டம். ஆனாலும் டாக்டர் பொறுமையாகப் பிரித்தார். "த்ராம்போன்னா ரத்தம் ஒறையறது. சைட்டோன்னா அணு. பீனியான்னா கொறைச்சல். அந்த 'பீ'ய நீட்டி அழுத்தணும்."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரும் சிரித்தார்.

"அப்ப ரத்தத்த ஒறைய வைக்கற அணு எனக்குக் கம்மி. அடிபட்டா ரத்தம் லேசுல நிக்காது."

"அதேதான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இத மொதல்ல சொல்லுங்க. வலிக்குன்னு ஊசி போட்டுக்காதீங்க."

கடலூர் வரைக்கும் பஸ்ஸில் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

ஐப்பசி மழையில், செம்மண்டலத்தில் அக்கா வீட்டுப் படியில் செல்வி வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பந்தாக வீங்கிவிட்டது. பக்கத்து கிளினிக்கில் வலிக்கு ஊசி எழுதினார்கள். பதறிப்போன தேவநாதனே, "சீக்கிரம் போடுங்க சிஸ்டர்" என்றான். டாக்டர் பவானி சொன்னது ஒன்றும் அவன் நினைவில் இல்லை.

செல்வி வலியோடு கையை நீட்டித் தடுத்தாள். "எனக்கு த்ராம்போசைட்டோபீனியா இருக்குங்க."

நர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். "நல்லவேளை சொன்னீங்கம்மா" என்று அவர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. அன்றைக்கே சிதம்பரத்தில் சேர்த்தார்கள்.

வீக்கம் வடிந்த அன்று வார்டுக்கு டீ வாங்கிவந்த தேவநாதன், அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்த வலியிலயும் ஒரு எழுத்து பிசகாம சொன்ன பாரு. எனக்கு மூளையே ஓடல புள்ள."

செல்விக்கு வெட்கமாகப் போயிற்று.

"சரி சரி, டீ ஆறுது. குடி மாமா."