வியர்த்தவன்தான் திருடன்

குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டருக்கு 'மோப்பம்' என்று பட்டப்பெயர். முகத்தைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டே இருந்ததால் வந்தது. நாய்கூட மோந்து பார்த்த பிறகுதான் குரைக்கும். இவர் முதலிலேயே குரைத்துவிடுவார்.

ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வுக்கு முந்தின நாள் வினாத்தாள் கட்டை யாரோ பிரித்துவிட்டார்கள். தலைமையாசிரியர் அறையில் மோப்பம் விசாரித்தது பத்தே நிமிடம்.

"பியூன்தான். பேசறப்ப எப்படி வேர்த்துச்சு பார்த்தீங்களா?"

"அங்க ஃபேன் ஓடல சார். உங்களுக்கும்தான் வேர்த்துச்சு," என்றார் கூடப் போயிருந்த பெண் எஸ்.ஐ.

"எனக்கு வேர்த்தது உழைப்பு. அவனுக்கு வேர்த்தது பயம். இருபது வருஷ அனுபவம்மா!"

அனுபவம் என்ற சொல்லுக்கு வாய் இருந்திருந்தால் அழுதிருக்கும். அன்று மாலையே பியூனை வீட்டு வாசலிலிருந்து இழுத்துவந்து, செய்தியாளர்கள் முன் நிறுத்தி, பக்கத்தில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

எஸ்.ஐ.க்கு மனசு ஆறவில்லை. மறுபடி பள்ளிக்குப் போனார். வினாத்தாள் வைத்திருந்த பீரோவின் சாவி பள்ளிக் குமாஸ்தாவிடம் மட்டுமே இருந்தது. கட்டு வந்து இறங்கியதிலிருந்து அது பிரிந்து கிடந்தது தெரியும்வரை, பியூன் மனைவியின் அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அதற்கான ஆஸ்பத்திரிச் சீட்டை எஸ்.ஐ. வாங்கிவந்து மோப்பத்திடம் நீட்டினார்.

மோப்பம் அதை மேசை டிராயருக்குள் தள்ளினார். "ரெண்டு நாள் ஆறட்டும். இப்ப சொன்னா என் மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்கறது?"

"லாக்கப்புல கிடக்கறது அந்த பியூன் சார்."

மோப்பம் டிராயரைப் பூட்டினார். எஸ்.ஐ. தான் எடுத்து வைத்திருந்த நகலை மேலதிகாரிக்கு அனுப்பினார். மறுநாளே குமாஸ்தா ஒப்புக்கொண்டான். பியூன் வெளியே வந்தார். மேலதிகாரி மோப்பத்தைக் கூப்பிட்டார்.

"எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரியுதா?"

"தெரியுது சார். எனக்குக் கீழ இருக்கறவங்களை ரொம்ப நம்பிட்டேன்."

மேலதிகாரி அதற்குமேல் கேட்கவில்லை. பிரிவின் பொறுப்பு எஸ்.ஐ.யிடம் வந்தது. முதல் வேலையாக அவர் பியூன் வீட்டுக்குப் போனார்.

"நானும் அன்னைக்கு ஜீப்லதான் இருந்தேன். தப்புன்னு தோணியும் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். மன்னிச்சிடுங்க."

பியூன் தெருவை எட்டிப் பார்த்தார். "இப்ப எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்கம்மா. என்னை இழுத்துட்டுப் போனப்ப தெருவே நின்னு பார்த்துச்சு. சாயங்காலமா வந்து சொல்லுங்க."

எஸ்.ஐ. சாயங்காலம் வந்தார். அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வரும்வரை காத்திருந்து, சத்தமாகவே சொன்னார். கூட வரச் சொல்லியும் மோப்பம் வரவில்லை, தலைவலியாம்.