நர்ஸம்மா தரையிறங்கியது

லூயிஸ் தீவின் மேற்குக் கரையிலுள்ள எங்கள் ஷாவிக் ஊருக்கு வந்த சில வாரங்களிலேயே நர்ஸ் வினிஃப்ரெட்டின் கால் தரையில் படாமல் போயிற்று. முதலில் ஒரு விரல் உயரம்தான். அந்த வருடம் ஆட்டுக்குட்டி விலை விழுந்திருந்தது, அதனால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

லெஸ்டர் நகரத்தில் வகுப்புக்குப் போய் எங்கள் தாய்மொழியான கேலிக்கைக் கற்றுக்கொண்டு வந்த ஆங்கிலக்காரி அவள். வாசலில் நின்று கேலிக்கில் நலம் விசாரிப்பாள். நாங்களும் மனம் குளிர்ந்து ஆங்கிலத்தில் பதில் சொல்வோம். எங்கள் மரியாதை அப்படி. அறை நிறைய ஆட்கள் கேலிக்கில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தாலும், ஆங்கிலக்காரர் ஒருவர் நுழைந்தால் பாதி வாக்கியத்திலேயே மொழி மாறிவிடும். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் இன்னும் கொஞ்சம் மேலே போனாள். அறுவடை முடிவதற்குள் வேலி உயரத்துக்கு வந்து, ஜன்னல் வழியாக ஊசி போட்டாள். வைக்கோல் போர் பறக்காமலிருக்கக் கல் கட்டித் தொங்கவிடும் கயிற்றை அவள் இடுப்பிலும் கட்டிவிட்டோம். குளிர்காலப் புயலுக்கு இந்தக் கல் தாங்காது, ஊருக்குத் திரும்பிவிடு என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். அவளுக்குப் போக மனமில்லை. எங்களுக்கும் அவளை விட மனமில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் ஆங்கிலத்தில்தான் சொல்லியிருப்போம்.

நவம்பரில் ஒரு மத்தியானம், தேவாலயத்தில் சங்கீதப் பாட்டுக்கு முதலடி எடுத்துக்கொடுக்கும் டார்க்கில் மக்ஸ்வீனின் கால் புண்ணுக்குக் கட்டுப்போட வந்தாள். வாசலிலேயே கயிறு அறுந்தது. காற்று அவளைக் கடல் பக்கம் இழுத்தது. டார்க்கில் நொண்டிக்கொண்டே ஓடிவந்து ஆங்கிலத்தில் கத்தினார்.

"மேடம், தயவுசெஞ்சு எதையாவது பிடிச்சுக்கோங்க மேடம்."

ஒவ்வொரு மேடத்துக்கும் அவள் ஒரு முழம் உயர்ந்தாள். உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் தங்கை முர்டினா கெட்டிலும் கையுமாக வெளியே வந்தாள். அவளுக்கு வாய் நீளம். அண்ணனைத் தள்ளிவிட்டு, கேலிக்கில் ஆரம்பித்தாள்.

"ஏண்டி மடச்சி, டீ ஊத்தி வெச்சிருக்கேன், நீ எங்கடி ஊர் சுத்தப் போற? எங்கண்ணன் காலை இப்படியே விட்டுட்டுப் போனே, உன் காலை ஒடிச்சிருவேன். இறங்குடி கீழ."

கூடப் பிறந்தவளைத் திட்டும் அதே திட்டு. அடுப்புக்கு வெட்டி அடுக்கியிருந்த கரிமண் குவியலில் வினிஃப்ரெட் தொப்பென்று விழுந்தாள்.

"வந்துட்டேன்க்கா, ஏன் கத்துற?" என்றாள், தப்பும் தவறுமான கேலிக்கில்.

முர்டினா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

அன்றே மரியாதையை மூட்டை கட்டிவைத்துவிட்டு அவளிடமும் கேலிக்கிலேயே பேசினோம். தன் அம்மாவோடு தொலைபேசியில் மணிக்கணக்காக ஆங்கிலம் பேசியபோதும் வினிஃப்ரெட்டின் கால் தரையிலேயே இருந்தது. ஆங்கிலத்தின் மேல் பழி இல்லை.

பிறகுதான் முர்டினா, கடற்கரையில் ஓடும் எங்கள் பிள்ளைகளைக் கவனித்தாள். ஈர மணலில் ஒரு தடம்கூட இல்லை. நாளைக்கு நன்றாக இருக்கட்டுமென்று ஆங்கிலம் மட்டுமே பேசி நாங்கள் வளர்த்த பிள்ளைகள். ஊரெல்லாம் முழங்கால் உயரப் புல், அதனால் இத்தனை வருடம் எங்கள் கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது. அன்று மாலை எல்லா வீட்டிலும் பிள்ளைகளைக் கேலிக்கில் கூப்பிட்டு, கேலிக்கில் திட்டி, கேலிக்கில் சோறு போட்டோம். அடுத்த வருடம் பள்ளிக்கூடமும் இரண்டு மொழிக்கு மாறியது.

இப்போது அவர்கள் ஆங்கிலத்தில் கணக்குப் போட்டு, கேலிக்கில் சண்டை போடுகிறார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் கரை முழுக்கக் காலடித் தடம். அலை வந்து அழித்துவிட்டுப் போகிறது, அவர்கள் மறுநாளும் வந்து மிதிக்கிறார்கள்.