கீழ்வீட்டு லெசியாவும் என் அலமாரி வண்டுகளும்

ரூசே நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகச் சமைக்கிறேன். அப்படிப்பட்ட என் வீட்டு மாவில் வண்டு! பழுப்பு நிறம், எள்ளளவு. மாவைக் கொட்டிவிட்டேன். இரண்டே நாளில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குள்ளும் வண்டுகள் ஊர்ந்தன.

எனக்குக் கீழ்வீட்டு லெசியாவின் ஞாபகம்தான் வந்தது. போருக்குத் தப்பி உக்ரைனிலிருந்து வந்தவள். குடிவந்த அன்று மூன்று தானிய மூட்டைகளை லிஃப்ட்டில் ஏற்றியதை நான் பார்த்திருந்தேன். நாலு வண்டுகளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துக்கொண்டு, சண்டைக்கென்றே படியிறங்கினேன்.

"உன் மூட்டையிலேர்ந்து என் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கு, பாரு!"

அவள் கோபப்படவில்லை. குப்பியை ஜன்னலோரம் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். அவள் ஊரான கெர்சோனில் ஒரு தானியக் கிடங்கில் பூச்சி பார்ப்பதுதான் அவள் வேலையாக இருந்ததாம்.

"அக்கா, முழு தானியத்தைத் துளைக்கிற வண்டுக்கு நீட்டு மூக்கு இருக்கும். இதுக்கு இல்ல பாருங்க. தலை உள்ள குனிஞ்சிருக்கு, முதுகுல கோடு கோடா இருக்கு. இது ரொட்டி, பிஸ்கட், மசாலா எதையும் விடாது. உங்க வீட்டுல ரொம்ப நாளா தொடாம ஏதாவது கிடக்கா?"

"என் வீட்டுலயா? நான் சமையல்காரிடி!"

"அப்போ நல்லாவே தேடணும்," என்று சிரித்துக்கொண்டே கூட ஏறி வந்தாள்.

ஒவ்வொரு பொட்டலமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கடைசியில், கீழ்த்தட்டு ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் நாய் பிஸ்கட் பை. ஊசியால் குத்தியது போல அதில் ஓட்டைகள். உள்ளே பாதி தூளாகி, புழு நெளிந்துகொண்டிருந்தது. என் நாய் செத்துப் பதினாலு மாதம். பையைத் தூக்கி எறிய மட்டும் அப்போது எனக்கு மனசு வரவே இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

லெசியா பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேரு என்னக்கா?"

"மெச்சோ."

"நான் என் பூனையை ஊர்ல பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தேன்."

பையை இரண்டு உறையில் போட்டு இறுக்கிக் கட்டினாள். நானே கொண்டுபோய்த் தெருத்தொட்டியில் போட்டேன். பூச்சிமருந்தை எடுத்தபோது என் கையைப் பிடித்தாள்.

"சாப்பாடு வைக்கிற இடத்துல இது வேணாம்."

அலமாரித் தட்டுகளின் இடுக்குகளில் தூசு உறிஞ்சியை ஓட்டி, அதன் பையையும் வெளியே எறிந்தோம். சோப்பு வெந்நீரில் துடைத்துக் காயவிட்டோம். வண்டு விழாத மாவும் பீன்ஸும் ஒரு வாரம் ஃப்ரீசரில் இருந்தன. பிறகு இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி ஜாடிகளுக்குப் போயின.

"இனிமே கொஞ்சம் கொஞ்சமா வாங்குங்க."

"அரை கிலோ மாவு கேட்டா கடைக்காரன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். வண்டு அழும்."

இரண்டு மாதமாகியும் ஒரு வண்டுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"உன்மேல பழி போட்டேன், லெசியா. நீ எனக்காக மண்டி போட்டு அலமாரி துடைச்ச. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"நான்தான் சொல்லணும்க்கா. வந்து ஆறு மாசத்துல என் கதவைத் தட்டின முதல் ஆள் நீங்கதான். சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லன்னு இருந்துச்சு."

அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பனிட்சா என்கிற அடுக்கு ரொட்டியில், பாலாடைக்கட்டி அதிகம் பிதுங்கிய துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தேன்.