பந்தயப் பட்டைகள்

1962ஆம் ஆண்டில் திருச்சி பாலக்கரையில் நான் ஒரு மோட்டார் பட்டறை நடத்திவந்தேன். முப்பத்தாறாம் வயதில்தான் முதியோர் வகுப்பில் சேர்ந்து தமிழ் எழுத்தையும், அதன்பின் ஆங்கில எழுத்தையும் கற்றேன். வெளிநாட்டு உதிரிபாகப் பட்டியலைப் பிறர் உதவியின்றி வாசிக்கக்கூடிய மெக்கானிக் இந்நகரில் நான் ஒருவனே என்பது அக்காலத்தில் என் எண்ணம்.

தோல் வியாபாரி முகம்மது கனி, தாய்நாடு திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து இருவர் மட்டுமே அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அதன் பின்பக்கப் பட்டைகள், அதாவது வண்டியின் எடையைச் சுமக்கும் வளைந்த எஃகுத் தகடுகள், தளர்ந்துபோயிருந்தன. சென்னைக் கடை ஒன்றின் பட்டியலில் அந்தக் காருக்கு இருவகைப் பட்டைகள் இருந்தன. ஒன்று உல்லாசப் பயணத்திற்குரியது, மற்றொன்று பந்தயத்திற்குரியது. எதை வரவழைப்பது என்று அவரைக் கேட்டேன்.

"நல்லா தாங்கணும் தங்கையா, வேறென்ன? ஸ்ரீரங்கம் ரோடு இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியாதா?" என்றார். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பட்டறையில் நின்ற மற்றவர்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "பார்த்துப் போடு" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்.

தாங்குதல் என்பதற்குச் சுமை பொறுத்தல் என்று நான் பொருள் கொண்டேன். யாரைத் தாங்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. தகடுகள் மிகுந்த பந்தயப் பட்டைகளையே வரவழைத்துப் பூட்டினேன். கழற்றிய பழையவற்றைக் காந்தி மார்க்கெட் அருகிலிருந்த கொல்லர் கேட்டு வாங்கிப்போய், இரண்டே நாளில் அரிவாள்களாக அடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை கனி பட்டறைக்கு வந்தார். முகம் சரியில்லை.

"ஏம்ப்பா, தாங்கணும்னுதானே சொன்னேன்?"

"தாங்குதுங்களே பாய்! மூணு மூட்டை சிமெண்டு ஏத்திப் பாருங்க, ஒரு இஞ்சு இறங்காது."

"நான் என்ன மூட்டையா ஏத்தப் போறேன்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "வஹீதாவுக்கு முதுகுத்தண்டுல ஆபரேஷன் ஆயிருக்கு. சாயந்திரம் அவளைக் கொள்ளிடக் கரை வரைக்கும் கூட்டிட்டுப் போவேன். அவ வெளியே வர்றதே அந்த ஒரு மணி நேரந்தான். நேத்து மாம்பழச்சாலையிலயே இறங்கிட்டா. ஜட்காவுல வந்தா வீட்டுக்கு. ஜட்காவே மெத்தையா இருக்குங்கிறா!"

தம் மனைவியின் உடல்நிலையைப் பட்டறையில் வைத்துப் பேசக் கூசியே அவர் அன்று வாயை மூடிக்கொண்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உடனே பக்கத்துக்கு இரண்டு தகடுகளை உருவியிருந்தால் போதும், அரைநாள் வேலை. ஆனால் அப்படிச் செய்வது, தெரிவு பிழை என்று ஒப்புக்கொள்வதாகும்.

"புதுசுல அப்படித்தாங்க இருக்கும். ஓட ஓட இளகிடும். ஒரு பத்து நாள் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்றேன்.

"புஸ்தகத்துல போட்டிருக்கா?"

"போட்டிருக்குங்க."

பட்டியலில் அப்படி ஒரு வரியும் இல்லை.

எட்டு நாள் அந்த அம்மையார், இடுப்புக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கிக்கொண்டு, காரில் போய்வந்தார். ஒன்பதாம் நாள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. மூன்று மாதம் அசையக்கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். செய்தியறிந்த அன்றே தகடுகளை உருவினேன். மாம்பழச்சாலைக் குழிகளில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி மெத்தென்று இறங்கி எழுந்தது.

மூன்று மாதம் கழித்து அவர் வீட்டுக்குச் சென்று, வாசல் திரைக்கு இப்பால் நின்று சொன்னேன்: "இப்ப சரியாயிடுச்சும்மா. ஒரே ஒரு தடவை ஏறிப் பாருங்க."

"வண்டி மேல குத்தமில்லண்ணே" என்றது உள்ளிருந்து வந்த குரல். "ஏறணும்னு நெனச்சாலே முதுகு பயப்படுது. நீங்க வருத்தப்படாதீங்க."

அதன்பின் அவர் ஏறவேயில்லை. கனி காரை விற்க முடிவு செய்தார். சென்னையில் பந்தயம் ஓட்டும் ஒருவர் வாங்க வந்ததால், உருவிய தகடுகளை மீண்டும் பூட்டிக் கொடுத்தேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த அவர், "இந்தப் பட்டை யாரோட செலக்‌ஷன்? பிரமாதம்!" என்றார்.

கார் போன பிறகு, கனியின் வீட்டு வாசலில் நின்று அவரிடம் சொன்னேன்: "பாய், ஓட ஓட இளகும்னு புஸ்தகத்துல போடலீங்க. நானாத்தான் சொன்னேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாத தங்கையா" என்றார் கடைசியில். "ஒவ்வொரு நாளும் ஏறும்போது, புஸ்தகத்துல போட்டிருக்காமே, இன்னும் அஞ்சு நாள், இன்னும் நாலு நாள்னு எண்ணிக்கிட்டுத்தான் பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தா."

செருப்பைக் கழற்றிவிட்டு, திரையை விலக்கி உள்ளே போனார்.