ஆளுக்குப் பாதி கீபோர்டு

எங்கள் பள்ளிக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்தான் கடைசிக் கம்ப்யூட்டரும். நாற்பது பேருக்கு ஒன்று. இப்போது என் வீட்டில் மூன்று பேருக்கு ஐந்து இருக்கிறது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அந்தக் கதையை விடுங்கள், பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். நான் சொல்ல வந்தது ஒன்பதாம் வகுப்புக் கதை.

ஆய்வுக்கூடத்து மூலையில் சோதனைக் குழாய்களை ஒதுக்கிவிட்டு அதை வைத்தார்கள். பாடத்தைக் கணக்கு வாத்தியார் தலையில் கட்டினார்கள். அவருக்கும் அது புதுசுதான், ஆனால் கணக்கு தெரிந்த மனுஷன். பாடவேளை நாற்பது நிமிஷம், பிள்ளைகள் நாற்பது பேர். ஆளுக்கு ஒரு நிமிஷம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதற்குள் எழுந்திரு என்பார்கள். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே நாற்காலியில் இரண்டு பேர், இடது பாதிக் கீபோர்டு ஒருவருக்கு, வலது பாதி இன்னொருவருக்கு. ஜோடிக்கு இரண்டு நிமிஷம். காத்திருப்பவர்கள் பழகுவதற்கு அட்டையில் கீபோர்டு வரைந்து, அதையும் நடுவில் கத்தரியால் வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்தார்.

ஜோடியை வருகைப் பதிவேட்டு வரிசையில் போட்டார். அங்கேதான் வந்தது வினை. எனக்கு அடுத்த பெயர் என் மாமா மகள். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரில் இருந்த ஜன்னலை மாமா செங்கல் வைத்து அடைத்துவிட்டார் என்று அம்மா நாலு வார்த்தை கேட்க, மாமா எட்டு வார்த்தை திருப்பிக் கேட்க, எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பிள்ளைகளான எங்களுக்கும் தடை. வகுப்பில் பெண்கள் பக்கத்திலேயே அவள் ஒரு மூலை, நான் ஒரு மூலை. வலியப் போய்ப் பேச எனக்கு வீம்பு, அவளுக்கு அவள் அப்பாவிடம் பயம்.

இடது பாதி அவளுக்கு, வலது பாதி எனக்கு. அவள் ஆமை. ஒரு எழுத்தைத் தட்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும், ஆனால் ஒரு பிழை இருக்காது. எனக்கு வேகம் உண்டு, பிழையும் உண்டு. முதல் நாள், வார்த்தைக்கு வார்த்தை இடம் விட நடுவில் கிடந்த அந்த நீளக் கட்டை யாருக்கு என்று இரண்டு பேர் கையும் முட்டிக்கொண்டன.

“கையைத் தள்ளு” என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

போகப் போகப் பழகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘தி’ என்ற சின்ன வார்த்தைக்கே முதலில் அவள், பிறகு நான், மறுபடி அவள். அவள் விரல் எழும்போதே என் விரல் இறங்கும். வகுப்பிலேயே நாங்கள்தான் வேகமான ஜோடி என்றார் வாத்தியார். அந்த இரண்டு நிமிஷத்தில் திரையைப் பார்த்துக்கொண்டே வாய் அசையாமல் பேசவும் கற்றுக்கொண்டோம். அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பாள். மாமா இன்னும் குறட்டை விடுகிறாரா என்று நான் கேட்பேன். யாராவது கேட்டால், நாங்களாகவா உட்கார்ந்தோம், வாத்தியார் உட்கார வைத்தார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதை எப்படியோ அம்மா மோப்பம் பிடித்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தால், இல்லை. கம்ப்யூட்டர் வகுப்பு இருக்கும் நாளில் மட்டும் எனக்குத் தலை வாரும்போது, யாரிடமோ சொல்வதுபோல, முட்டி வலி ரொம்ப அதிகம், மாடிப்படி ஏறவே முடியவில்லை என்பாள். நல்லாத்தானே நடக்கிறாய் என்று ஒருமுறை கேட்டுத் தலையில் குட்டு வாங்கினேன். அண்ணன் காதுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து வலிக்கு ஒரு தைலத்தின் பெயரை மாமா மகள் என் காதில் போட்டாள். அவள் அப்பாவும் யாரிடமோ சொல்வதுபோலத்தான் சொன்னாராம்.

ஆறு மாதம் இப்படிப் போனது. பிறகு கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். பிள்ளைகள் கற்றுக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் இங்கே இருக்கும், இல்லாவிட்டால் வேறு பள்ளிக்குப் போகும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். வகுப்புத் தலைவனைக் கூப்பிட்டு ஒரு பத்தியைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். அவன் நாற்காலியின் பாதியில் உட்கார்ந்து இடது கையால் மட்டும் அடித்தான். திரையில் அரையும் குறையுமாக எழுத்துகள் விழுந்தன. வலது கை மடியில் சும்மா கிடந்தது.

“அந்தக் கைக்கு என்னப்பா ஆச்சு?”

“அந்தப் பக்கம் என்னோடது இல்ல சார். அவனோடது” என்று ஜோடிக்காரனைக் காட்டினான்.

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. ஜோடியாக அடித்துக் காட்டுகிறோம் என்று கெஞ்சிப் பார்த்தார். அதிகாரி மசியவில்லை. வேலைக்குப் போனால் நாற்காலிக்கு இரண்டு பேரையா வைப்பார்கள் என்று கேட்டார். கேள்வி நியாயம்தான், அதுதான் எனக்கு எரிச்சல். கடைசியில் ஒரு வாரம் கொடுத்தார். திரும்பி வந்து யாரையாவது ஒருவரைக் கூப்பிடுவார். தனியாக அடித்தால் கம்ப்யூட்டர் இருக்கும், இனி எல்லோரும் தனித்தனியாகத்தான் உட்கார வேண்டும். அடிக்காவிட்டால் வண்டியில் ஏற்றிவிடுவார்.

எப்படிப் பார்த்தாலும் எங்கள் இரண்டு நிமிஷம் போச்சு.

அந்த வாரம் வாத்தியார் மற்றப் பாடங்களை மூட்டை கட்டிவிட்டு, வெட்டிய அட்டைகளை எல்லாம் பசை போட்டு ஒட்டினார். ஒவ்வொரு ஜோடியும் தன் பாதியை மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தது. காலையிலிருந்து மாலை வரை அவள் பக்கத்தில். அப்படி ஒரு வாரம் என் ஆயுசில் பிறகு வரவே இல்லை. என் இடது விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அதனதன் எழுத்தில் வைத்தாள். நான் அவசரப்பட்டால் அட்டையைப் பிடுங்கிக்கொள்வாள். ஒருமுறை, நீ ஏன் இவ்வளவு நன்றாகச் சொல்லித் தருகிறாய், சொதப்பிச் சொல்லித் தந்தால் என்ன என்று கோபமாகக் கேட்டேன்.

“உன்னைக் கூப்பிட்டு நீ தோத்தா வண்டி வந்துடும்டி” என்றாள்.

அதிகாரி வந்தார். பதிவேட்டில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்தார். என் பெயர். முழு நாற்காலியில் நான் ஒருத்தியாக உட்கார்ந்தேன், எவ்வளவு அகலமாக இருந்தது தெரியுமா? ஐந்து நிமிஷத்தில் பத்தியை முடித்தேன். மூன்று பிழை. மூன்றும் என் வலது கைப் பிழைகள். அவள் சொல்லித் தந்த பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

கம்ப்யூட்டர் தங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள், வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளும் தட்டினாள்.

அடுத்த வகுப்பிலிருந்து ஆளுக்கு ஒரு நிமிஷம். நான் எழுந்தேன், அவள் உட்கார்ந்தாள். ஏதாவது சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் நின்றவன் நகரச் சொன்னான். அன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“அங்க என்னவாம்?”

“தெரியலம்மா. இப்ப நாங்க தனித்தனி.”

அம்மா மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரும்போது அவள் முட்டி வலியைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த வருஷம் மாமா வீடு மாறிப் போய்விட்டார். அந்த ஒரு வருஷத்தில் நானாவது எழுந்து அவள் மூலைக்குப் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். போகாதே என்று யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஒருத்தியாக உட்காரக் கற்றுக்கொண்டேனே தவிர, வாத்தியார் சொல்லாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார எனக்குத் தெரியவில்லை.